கூட்டம் வருகிறது, வாக்கு வருமா? 2028க்கு முன் அமெரிக்க ஜனநாயகக் கட்சி பார்க்கவேண்டிய பழைய கணக்கு

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் டென்வர் நகரில் செனட்டர் பெர்னி சாண்டர்ஸும் நாடாளுமன்ற உறுப்பினர் அலெக்சாண்டிரியா ஒகாசியோ கோர்ட்டெஸும் பேசிய கூட்டத்திற்கு 30,000க்கும் அதிகமானோர் திரண்டனர். மூன்று வாரங்கள் கழித்து லாஸ் ஏஞ்சல்ஸில் அதையும் மிஞ்சிய கூட்டம். 36,000 பேர் என்றனர் ஏற்பாட்டாளர்கள். அருகில் அதிபர் தேர்தல் எதுவும் இல்லை. டிரம்ப் இரண்டாம் முறை அதிபராகப் பதவியேற்று மூன்று மாதம்கூட நிறைவடையாத நேரம் அது.

அந்தப் படங்கள் பரவிய நாளிலிருந்தே 2028 பற்றிய பேச்சும் தொடங்கிவிட்டது. ஜனநாயகக் கட்சியின் அடுத்த அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில் இந்த அடிமட்ட உற்சாகம் எவ்வளவு தூரம் போகும் என்பதே கேள்வி. உற்சாகமான கூட்டத்தை வைத்திருப்பவரே வெல்வார் என்பதற்கு அக்கட்சியின் வரலாற்றில் சான்று உண்டு. நாடு முழுக்கக் கூட்டம் கூட்டிவிட்டு முதல் மாநிலத்திலேயே கவிழ்ந்தவர்களும் அதே வரலாற்றில் இருக்கிறார்கள்.

கூட்டத்தைப் பார்த்து முடிவைக் கணிக்கும் பழக்கம் நமக்கும் புதிதன்று. 2013 பொதுத்தேர்தலின்போது எதிர்க்கட்சிகளின் செராமா திடல்கள் நிரம்பி வழிந்தன. மக்கள் கூட்டணி 50.9 விழுக்காட்டு வாக்குகளையும் பெற்றது. ஆனால் கிடைத்தவை 89 நாடாளுமன்றத் தொகுதிகள். 47.4 விழுக்காடு பெற்ற தேசிய முன்னணிக்கு 133. திடலில் தெரிந்த உற்சாகம் பொய்யில்லை. அது எந்தெந்தத் தொகுதியில் விழுந்தது, எப்படி எண்ணப்பட்டது என்பதில்தான் விஷயம் இருந்தது. அமெரிக்க முதனிலைத் தேர்தலின் கதையும் ஏறக்குறைய இதேதான். விதிகள் மட்டும் வேறு.

அலை வேறு, உந்துதல் வேறு

நம் ஊர்ச் செய்திகளில் இப்படிப்பட்ட எழுச்சிக்கு 'அலை' என்று எழுதுவது வழக்கம். 2008இல் அரசியல் சுனாமி, 2022இல் பச்சை அலை. நாடு முழுவதும் ஒரே நாளில் வாக்களிக்கும் இடத்தில் அந்தச் சொல் பொருந்திவிடுகிறது. அமெரிக்கர்கள் 'மொமெண்டம்' என்று சொல்வது வேறொன்று. அங்கே முதனிலைத் தேர்தல் ஜனவரி அல்லது பிப்ரவரியில் ஒரு சிறிய மாநிலத்தில் தொடங்கி, ஜூன் வரை மாநிலம் மாநிலமாக நகர்கிறது. ஒரு மாநிலத்தின் முடிவு தெரிந்த பிறகே அடுத்த மாநிலத்து வாக்காளர் வாக்களிக்கப் போகிறார். வென்றவருக்கு நன்கொடை கூடும், தொலைக்காட்சியில் நேரம் கூடும். தோற்றவருக்கு இரண்டும் வற்றும். உந்துதல் என்பது இந்தச் சங்கிலித் தொடர்தான். 2018இல் பிகேஆர் கட்சித் தேர்தல் வாரக் கடைசிகளில் மாநிலம் மாநிலமாக நடந்து, ஒவ்வொரு மாநிலத்து எண்ணிக்கையும் அடுத்த மாநிலத்தின் பேச்சாக மாறியதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. உந்துதல் கிடைக்க முதலிடத்திற்கு வரவேண்டும் என்ற கட்டாயமில்லை. எதிர்பார்த்ததைவிட நன்றாகச் செய்தால் போதும். 1992இல் நியூ ஹேம்ப்ஷயர் மாநிலத்தில் பில் கிளின்டன் இரண்டாவதாகத்தான் வந்தார். அதற்கு முந்தைய வாரங்களில் எழுந்த சர்ச்சைகளில் அவர் கதை முடிந்தது என்று பலரும் எழுதியிருந்ததால், 25 விழுக்காட்டு வாக்குகளே மீட்சியாகக் கொண்டாடப்பட்டன. முதலிடம் பெற்ற பால் சோங்காசின் பெயர் இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

வாக்குகள் எண்ணப்படும் முறையையும் சற்றுப் பார்க்கவேண்டும். மக்கள் அளிக்கும் வாக்கு, கட்சியின் தேசிய மாநாட்டிற்குச் செல்லும் பேராளர்களாக மாற்றப்படுகிறது. ஜனநாயகக் கட்சியில் 15 விழுக்காட்டைத் தாண்டுவோர் பேராளர்களை விகிதாசாரப்படி பங்கிட்டுக்கொள்வர். மாநிலங்கள் இதை இரு வழிகளில் நடத்தின. ஒன்று 'பிரைமரி' எனப்படும் முதனிலைத் தேர்தல்: காலை முதல் மாலை வரை வாக்குச்சாவடிக்குப் போய் வாக்குச்சீட்டைப் போட்டுவிட்டு வரலாம். மற்றொன்று 'காக்கஸ்': குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில், வட்டாரத்துப் பள்ளி மண்டபத்திலோ தேவாலயத்திலோ கூடி, தம் வேட்பாளருக்கான மூலையில் எல்லோரும் பார்க்க நிற்கவேண்டும். போதிய ஆள் சேராத அணியினர் இரண்டாவது விருப்பத்தைத் தேடிப்போக வேண்டும். முடிய ஓரிரு மணி நேரம் ஆகும். இரவு வேலைக்குப் போகும் தாதியால் இதற்கு வர முடியாது. கைக்குழந்தை வைத்திருப்பவரும் யோசிப்பார். தீவிர ஆதரவாளர் மட்டும் பனியென்றும் பாராமல் வந்துவிடுவார்.

ஆகவே காக்கஸில் உற்சாகத்திற்கு அதன் எடையைவிடக் கூடுதல் விலை கிடைத்தது. பின்னால் வரும் கதைகளுக்கெல்லாம் இதுவே அடிப்படை.

ஆரஞ்சுத் தொப்பிக்காரர்கள்

2003ஆம் ஆண்டு ஜனநாயகக் கட்சியில் பெரிதும் பேசப்பட்ட பெயர் ஹாவர்ட் டீன். வெர்மோண்ட் எனும் சின்னஞ்சிறு மாநிலத்தின் முன்னாள் ஆளுநர். கட்சியின் பெரிய தலைகள் பல ஈராக் போருக்கு ஒப்புதல் கொடுத்திருந்த நேரத்தில் அவர் வெளிப்படையாக எதிர்த்தார். அப்படி ஒரு குரலுக்காகக் காத்திருந்தவர்கள் இணையத்தில் அவரைக் கண்டுபிடித்தார்கள். பேஸ்புக்கூடப் பிறக்காத காலம். 'மீட்டப்' என்ற தளத்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் அவருக்காகப் பதிந்துகொண்டனர். காப்பிக்கடைகளில் மாதந்தோறும் சந்திப்புகள் நடந்தன. 2003இன் மூன்றாம் காலாண்டில் மட்டும் ஏறத்தாழ 15 மில்லியன் டாலர் சேர்ந்தது. ஆண்டு முடிவில் அது 40 மில்லியனைத் தொட்டது. பெரும்பகுதி சிறு தொகைகள்.

2004 ஜனவரியில் முதல் மாநிலமான அயோவாவுக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் டீனின் தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தனர். அடையாளத்திற்கு ஆரஞ்சு நிறக் குளிர்தொப்பி. ஜனவரி 19ஆம் தேதி முடிவு வந்தது: ஜான் கெர்ரி 38 விழுக்காடு, ஜான் எட்வர்ட்ஸ் 32, டீன் 18.

அன்றிரவு ஆதரவாளர்களை உற்சாகப்படுத்த டீன் எழுப்பிய கூச்சலைத் தொலைக்காட்சிகள் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பின. அந்தக் கூச்சல்தான் அவரை வீழ்த்தியது என்று இன்றும் பலர் நம்புகின்றனர். அது பிசகான நம்பிக்கை. கூச்சல் எழுந்தபோது அவர் ஏற்கெனவே தோற்றிருந்தார்.

தோற்ற இடம் வேறு. காக்கஸ் என்பது அண்டை வீட்டார் அண்டை வீட்டாரிடம் பேசி இழுக்கும் கூட்டம். வெளியூரிலிருந்து வந்து கதவைத் தட்டும் இளைஞர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த மண்டபத்தில் அவருக்கு வாக்கில்லை. உள்ளூரில் ஒவ்வொரு மண்டபத்திலும் எழுந்து நின்று, ஊர்க்காரர்களின் பெயரைச் சொல்லி அழைத்துப் பேசக்கூடிய ஆள் டீனுக்குப் போதவில்லை. அதோடு, புஷ்ஷைத் தோற்கடிக்கக்கூடியவர் யார் என்ற கவலை அயோவா வாக்காளரை வாட்டிக்கொண்டிருந்தது. போர் அனுபவமுள்ள கெர்ரி அந்தக் கவலைக்குப் பதிலாகத் தெரிந்தார். டீனின் ஆதரவாளர்கள் ஓராண்டாகப் பேசிக்கொண்டிருந்தது பெரும்பாலும் தங்களுக்குள்தான்.

பிப்ரவரி 18ஆம் தேதி அவர் போட்டியிலிருந்து விலகினார். விலகிய பிறகு சொந்த மாநிலமான வெர்மோண்டில் மட்டும் வென்றார். ஆனால் அந்தக் கூட்டம் அப்படியே கலைந்துபோகவில்லை. மறு ஆண்டு டீன் கட்சியின் தேசியத் தலைவரானார். 50 மாநிலங்களிலும் முழுநேர ஊழியர்களை அமர்த்தினார். அவருடைய இணையப் பிரிவில் வேலைபார்த்த இளைஞர்கள் சிலர் தொடங்கிய நிறுவனமே பிறகு ஒபாமாவின் இணையத்தளத்தைக் கட்டியெழுப்பியது.

பெயரையும் எண்ணையும் வாங்கிக்கொண்ட ஒபாமா

2007 பிப்ரவரியில் உறையும் குளிரில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பராக் ஒபாமா தம் போட்டியை அறிவித்தபோது 15,000 பேர் அளவில் கூடினர். கூட்டம் டீனுக்கும் வந்ததுதான். வந்தவர்களை என்ன செய்வது என்பதில் ஒபாமாவின் பிரச்சாரக் குழு வேறுபட்டது. நுழைவாயிலிலேயே பெயரும் தொலைபேசி எண்ணும் வாங்கிக்கொண்டது. அந்த எண்ணை அழைத்து வேலை கொடுத்தது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மார்ஷல் கான்ஸ் போன்றவர்களின் வழிகாட்டலில், தன்னார்வலர்களுக்குப் பயிற்சி முகாம்கள் நடத்தப்பட்டன. தம் கதையைச் சொல்லி எதிரில் இருப்பவரின் கதையைக் கேட்பது அங்கே முதல் பாடம். 2007 டிசம்பரில் ஓப்ரா வின்ஃப்ரியைப் பார்க்க சவுத் கரோலினாவின் விளையாட்டரங்கில் ஏறத்தாழ 30,000 பேர் கூடியபோதும், இருக்கையில் இருந்தபடியே கைப்பேசியில் வாக்காளர்களை அழைக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டனர். நட்சத்திரத்தைப் பார்க்க வந்தவருக்குக் கட்சி வேலை!

அயோவாவில் உள்ளூர் ஆசிரியர், விவசாயி, பள்ளி மாணவர் என வட்டாரத்துக்கு வட்டாரம் பொறுப்பாளர்கள் நியமிக்கப்பட்டனர். நவம்பருக்குள் 18 வயதாகப்போகும் 17 வயதினரும் காக்கஸில் பங்கேற்கலாம் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு, உயர்நிலைப் பள்ளி மாணவர்களையும் அணிதிரட்டினர்.

2008 ஜனவரி 3ஆம் தேதி ஜனநாயகக் கட்சியின் காக்கஸுக்கு ஏறத்தாழ 2 லட்சத்து 39 ஆயிரம் பேர் வந்தனர். நான்கு ஆண்டுகளுக்கு முன் வந்தவர்கள் 1 லட்சத்து 24 ஆயிரம். நுழைவாயில் கருத்துக்கணிப்பின்படி பாதிக்கும் மேற்பட்டோர் அன்றுதான் முதன்முறையாகக் காக்கஸுக்கு வந்தவர்கள். ஒபாமாவுக்கு 37.6 விழுக்காடு. எட்வர்ட்ஸும் ஹிலரி கிளின்டனும் 30 விழுக்காட்டை ஒட்டி நின்றனர்.

இந்த வெற்றியின் பெரிய பலன் அயோவாவில் கிடைக்கவில்லை. 90 விழுக்காட்டுக்கும் மேல் வெள்ளையர் வாழும் மாநிலம் ஒரு கறுப்பின வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது என்ற செய்தி சவுத் கரோலினாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்த கறுப்பின வாக்காளர்களில் பலர் அதுவரை ஹிலரியின் பக்கமோ, முடிவெடுக்காமலோ இருந்தனர். ஒபாமாவைப் பிடிக்காமல் இல்லை. வெள்ளையர்கள் அவருக்கு வாக்களிப்பார்களா என்ற ஐயம். அந்த ஐயம் அயோவாவில் தீர்ந்தது. ஜனவரி 26ஆம் தேதி சவுத் கரோலினாவில் ஒபாமா 55 விழுக்காடு பெற்றார், ஹிலரி 27. ஏற்கெனவே அங்குள்ள முடிதிருத்தும் கடைகளிலும் அழகு நிலையங்களிலும் ஆள் பிடித்து வைத்திருந்ததால் மனம் மாறியவர்களைச் சேர்த்துக்கொள்ள அவருக்கு இடமும் இருந்தது.

உந்துதலை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதும் அதே மாதத்தில் தெரிந்தது. அயோவாவுக்கு ஐந்து நாள் கழித்து நியூ ஹேம்ப்ஷயர். எல்லாக் கருத்துக்கணிப்புகளும் ஒபாமாவே என்றன. வென்றவர் ஹிலரி.

பிப்ரவரி 5, 'சூப்பர் டியூஸ்டே' எனப்படும் பெரும் செவ்வாய். அன்று நடந்த ஒரு கணக்கை அமெரிக்கத் தேர்தல் நிபுணர்கள் இன்றும் எடுத்துக்காட்டுவர். நியூ ஜெர்சியில் 11 லட்சத்திற்கும் அதிகமானோர் வாக்களித்தனர், ஹிலரி வென்றார், பேராளர்கள் 59க்கு 48. அவருக்கு 11 கூடுதல். ஐடஹோவில் காக்கஸ், வந்தவர்கள் 21,000 பேர் சொச்சம், ஒபாமாவுக்கு ஏறத்தாழ 80 விழுக்காடு, பேராளர்கள் 15க்கு 3. அவருக்கு 12 கூடுதல். ஒரு பெரிய மாநிலத்தின் வெற்றியை, குடியரசுக் கட்சியின் கோட்டையான ஒரு சிறு மாநிலத்தின் சில ஆயிரம் தீவிர ஆதரவாளர்கள் ஈடுசெய்துவிட்டனர். ஹிலரியின் குழு காக்கஸ் மாநிலங்களைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விட்டதற்கு அவர் கொடுத்த விலை இது.

ஒரே மாநிலம், இரண்டு முடிவுகள்

உற்சாகத்திற்கும் எண்ணிக்கைக்கும் உள்ள இடைவெளியை அளக்க வாய்ப்பாக அமைந்தது 2016இல் வாஷிங்டன் மாநிலம். அங்கு அந்த ஆண்டு இரண்டுமே நடந்தன. மார்ச் 26ஆம் தேதி காக்கஸ். 2 லட்சத்து 30 ஆயிரம் பேர் அளவில் வந்தனர். சாண்டர்ஸுக்கு 73 விழுக்காடு. 101 பேராளர்களில் 74 பேர் அவருக்கு. மே 24ஆம் தேதி அதே மாநிலத்தில், மாநில அரசின் சட்டப்படி, பேராளர் எவரையும் தராத முதனிலைத் தேர்தலும் நடந்தது. ஜனநாயகக் கட்சிச் சீட்டில் 8 லட்சம் பேர் வாக்களித்தனர். வென்றவர் ஹிலரி, 52 விழுக்காடு.

இரண்டு மாதத்தில் ஊர் மாறிவிடவில்லை. குறிப்பிட்ட நேரத்தில் மண்டபத்துக்கு வரமுடியாத, அல்லது வர விரும்பாத, ஆனால் வாக்குச்சீட்டு வீட்டுக்கு வந்தால் நிரப்பி அனுப்பக்கூடிய ஐந்தரை லட்சம் பேர் இரண்டாவது கணக்கில் சேர்ந்துகொண்டனர். பேராளர் எவரும் கிடைக்காத தேர்தல் என்பதால் சாண்டர்ஸ் ஆதரவாளர்கள் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை என்ற வாதமும் உண்டு. அது நியாயமான வாதம்தான். ஆனாலும் 73க்கும் 48க்கும் இடையே உள்ள பள்ளத்தை அது முழுவதுமாக நிரப்பாது.

2016இல் 14 மாநிலங்கள் காக்கஸ் நடத்தின. அதன் பிறகு கட்சி, முதனிலைத் தேர்தலுக்கு மாறும்படி மாநிலங்களை ஊக்குவித்தது. 2020இல் காக்கஸ் நடத்தியவை விரல்விட்டு எண்ணும் அளவே. வாஷிங்டனும் மாறியது. 2020 மார்ச் 10ஆம் தேதி அங்கே பைடன் 37.9, சாண்டர்ஸ் 36.6. நான்கு ஆண்டுக்கு முன் 74 பேராளர்களைத் தந்த மாநிலம்! அயோவாவோ, 2020இல் புதிய செயலி பழுதாகி முடிவை அறிவிக்க முடியாமல் நாள்கணக்கில் தவித்தது. 2024இல் ஜனநாயகக் கட்சியினருக்கு அங்கே அஞ்சல் வாக்குத்தான், முடிவும் மார்ச்சில்தான் வந்தது.

கூட்டமில்லாதவர் வென்ற மூன்று நாள்

2020 பிப்ரவரி கடைசி வாரத்தில் சாண்டர்ஸைத் தடுக்க யாருமில்லை என்றே தோன்றியது. நியூ ஹேம்ப்ஷயரில் முதலிடம். நெவாடாவில் பெருவெற்றி. அந்த ஒரே மாதத்தில் அவருக்கு வந்த நன்கொடை 46.5 மில்லியன் டாலர். ஜோ பைடன் அயோவாவில் நான்காவது, நியூ ஹேம்ப்ஷயரில் 8.4 விழுக்காட்டுடன் ஐந்தாவது. பைடனின் கூட்டங்களுக்குப் பள்ளி உடற்பயிற்சிக்கூடம் போதும் என்ற நிலை.

பிப்ரவரி 26ஆம் தேதி சவுத் கரோலினாவின் மூத்த கறுப்பினத் தலைவர் ஜிம் கிளைபர்ன் பைடனை ஆதரித்தார். 29ஆம் தேதி பைடன் அங்கே 48.7 விழுக்காடு பெற்றார், சாண்டர்ஸுக்கு 19.8. அடுத்த இரண்டு நாளில் பீட் புட்டிஜெஜும் எமி குளோபுசாரும் போட்டியிலிருந்து விலகி பைடனுக்கு ஆதரவு தெரிவித்தனர். மார்ச் 3ஆம் தேதி 14 மாநிலங்களில் பத்து பைடன் வசம். அவர் பிரச்சாரமே செய்யாத மின்னசோட்டாவும் அதில் அடக்கம். எலிசபெத் வாரனின் சொந்த மாநிலமான மாசசூசெட்ஸும் பைடனுக்கே போனது. முந்தைய செப்டம்பரில் நியூயார்க்கில் 20,000 பேரைக் கூட்டிய வாரன், தம் மாநிலத்திலேயே மூன்றாமிடம்.

உற்சாகம் தோற்று, கட்சி மேலிடம் வென்றது என்று சாண்டர்ஸ் ஆதரவாளர்களில் பலர் இதை விளக்குவர். மேலிடம் ஒருங்கிணைந்தது உண்மை. ஆனால் வெர்ஜினியாவின் எண்ணிக்கை வேறொன்றையும் சொல்கிறது. 2016இல் அங்கே 7 லட்சத்து 85 ஆயிரம் பேர் ஜனநாயகக் கட்சி முதனிலைத் தேர்தலில் வாக்களித்தனர். 2020இல் 13 லட்சம். பைடனுக்கு 53 விழுக்காடு. அவ்வளவு பேரை வாக்குச்சாவடிக்கு நடக்க வைத்ததும் ஒருவகை உற்சாகம்தானே? அது பதாகை ஏந்தவில்லை, 'டி-சட்டை' வாங்கவில்லை, கூட்டத்திற்கு வரவில்லை. டிரம்ப் போகவேண்டும் என்ற ஒரே எண்ணத்துடன் புறநகர் வீடுகளில் காத்திருந்தது. மூன்றே நாளில் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது.

வாக்களிக்காத இளையோரைப் பெருமளவில் அழைத்து வருவதே சாண்டர்ஸ் இயக்கத்தின் வாக்குறுதி. எதிர்பார்த்த அளவு அது நடக்கவில்லை என்று மறுநாளே அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அமெரிக்க அரசியலில் அபூர்வமான நேர்மை அது.

நமக்குத் தெரிந்த இரு பெயர்கள்

2019 ஜனவரி 27ஆம் தேதி கலிபோர்னியாவின் ஓக்லண்டில் கமலா ஹாரிஸ் பிரச்சாரத்தை முறைப்படி தொடங்கியபோது 20,000க்கும் அதிகமானோர் கூடினர். அந்தச் சுற்றின் தொடக்கத்தில் அதுவே மிகப் பெரிய தொடக்கக் கூட்டமாகப் பேசப்பட்டது. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் என்பதால் தமிழர்களிடையிலும் அவர் மீது தனி ஆர்வம் எழுந்தது. அதே ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி, அயோவாவுக்கு இரண்டு மாதம் இருக்கையில், பணமில்லை என்று கூறி விலகினார். ஒரு வாக்குகூட அப்போது எண்ணப்பட்டிருக்கவில்லை. 2024 ஜூலையில் பைடன் விலகியதும் முதல் 24 மணி நேரத்தில் அவருக்கு 81 மில்லியன் டாலர் குவிந்தது. ஆனால் அம்முறை அவர் முதனிலைத் தேர்தலைச் சந்திக்கவே இல்லை. தம் ஆதரவின் அகலத்தை மாநிலம் மாநிலமாகச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு அமையாமலேயே நவம்பருக்குச் சென்றார்.

பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த விவேக் ராமசாமி, குடியரசுக் கட்சியில் நேர் எதிரான வழியில் போனார். அயோவாவின் 99 மாவட்டங்களையும் ஒருமுறைக்கு இருமுறை சுற்றினார். 2024 ஜனவரி 15ஆம் தேதி கிடைத்தது 7.7 விழுக்காடு, நான்காமிடம். டிரம்ப்புக்கு 51. உழைப்பு குறைவில்லை. அவர் பேசிய பேச்சை விரும்பியவர்களுக்கு ஏற்கெனவே ஒரு தலைவர் இருந்தார், அவ்வளவுதான்.

டிரம்ப்பின் கூட்டங்கள் மட்டும் எப்படி வாக்காக மாறின என்று கேட்கலாம். விதியும் அங்கே கைகொடுத்தது. 2016இல் சவுத் கரோலினாவில் அவர் பெற்றது 32.5 விழுக்காடு, குடியரசுக் கட்சி விதிப்படி அம்மாநிலத்தின் 50 பேராளர்களும் அவருக்கே கிடைத்தனர். எதிர்ப்பு வாக்கு ஐந்தாகப் பிரிந்து கிடந்தது. ஜனநாயகக் கட்சியில் அப்படி மூன்றில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு முழுப் பந்தியையும் அள்ளிக்கொள்ள முடியாது.

2028இல் எதைப் பார்ப்பது?

டென்வரும் லாஸ் ஏஞ்சல்ஸும் 2020இல் சாண்டர்ஸ் ஏற்கெனவே வென்ற மாநிலங்களில் இருக்கின்றன. அங்கே கூட்டம் சேர்வது இருந்த ஆதரவு இன்னும் இருக்கிறது என்பதைக் காட்டும். அது விரிந்திருக்கிறதா என்பதை அறிய வேறு இடங்களைப் பார்க்கவேண்டும். எந்த மாநிலம் முதலில் வாக்களிக்கிறது என்பதும் முக்கியம். 2024இல் கட்சி சவுத் கரோலினாவை முதலிடத்திற்குக் கொண்டுவந்தது. நியூ ஹேம்ப்ஷயர் அதை மதிக்காமல் தன் தேர்தலை முன்னதாகவே நடத்தியது. பல்கலைக்கழக நகரங்கள் நிறைந்த மாநிலம் முதலில் வந்தால் ஒரு கதை பிறக்கும். ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயத்தில் அரசியல் பேசும், 60 வயதைக் கடந்த கறுப்பினப் பெண்மணிகளின் வாக்கு நிறைந்த சவுத் கரோலினா முதலில் வந்தால் வேறு கதை. சாண்டர்ஸ் இருமுறையும் இடறிய இடம் அதுதான். அவருடைய வாரிசாக வர நினைப்பவர் யாராக இருந்தாலும், 30,000 பேர் கூடும் திடலைவிட 30 பேர் கூடும் அந்தத் தேவாலயக் கூடத்தில் அதிக நேரம் செலவிட வேண்டியிருக்கும்.

இதற்கிடையே, 2025 ஏப்ரல் பயணத்தில் ஊடகங்கள் குறைவாகவே கவனித்த ஒரு கூட்டம் உண்டு. ஐடஹோவின் நம்பா நகரில் 12,500 பேர் வந்தனர். 2008இல் அருகிலுள்ள போய்ஸி நகரில் ஒபாமாவைப் பார்க்க வந்த கூட்டமும் ஏறக்குறைய அதே அளவுதான். மூன்று நாள் கழித்து அந்த மாநிலம் முழுவதும் அவருக்குக் கிடைத்த வாக்குகள் 17,000க்குச் சற்றுக் குறைவு. அதுவே அமோக வெற்றிக்குப் போதுமானதாக இருந்தது. ஐடஹோ ஜனநாயகக் கட்சியினர் 2020இல் காக்கஸைக் கைவிட்டு முதனிலைத் தேர்தலுக்கு மாறினர். அந்த ஆண்டு அங்கே வாக்களித்தவர்கள் ஒரு லட்சத்திற்கும் அதிகம். சாண்டர்ஸ் தோற்றார்.